கட்டணம் கட்டிய கப்பல்

சமையலறை சுத்தமாக இருந்தது.

அதுதான் அவளுக்கு இடித்தது.

இரண்டாயிரம் பேர் காலைச் சாப்பாடு முடித்து ஒரு மணி நேரம்தான் ஆகிறது. ஒரு மேசையிலும் ஈரம் இல்லை. கழுவும் தொட்டியில் ஒரு கரண்டி இல்லை. குளிர் அறையில் பாதி அடுக்குகள் காலி. மதியம் இத்தனை பேருக்கு எதைப் போடப் போகிறார்கள், காற்றையா?

துறைமுகச் சுகாதார ஆய்வாளராகப் பதினோரு வருடம். அழுக்கைப் பார்த்து அவள் பயந்ததில்லை. அழுக்கு எங்கே போனது என்று தெரியாவிட்டால்தான் பயம்.

"கட்டணம் நேத்தே கட்டியாச்சு மேடம்," என்றார் குலசேகர். கப்பல் கம்பெனியின் உள்ளூர் ஏஜென்ட். அவள் ஏறியதிலிருந்து இது மூன்றாவது தடவை.

கப்பல் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய கட்டணம். அரசாங்கம் அப்படித்தான் வைத்திருக்கிறது. கட்டியவர்களுக்கோ சான்றிதழையே விலைக்கு வாங்கிவிட்ட நினைப்பு.

"பாக்குறதுக்குத்தான் சார் கட்டணம். பாஸ் போடுறதுக்கு இல்ல."

குலசேகர் சிரித்தார். கூட நின்ற சமையலறை மேலாளர் டிமெல்லோவும் சிரித்தார். அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது.

ரொம்பத்தான் சிரிக்கிறார்கள்.

அவள் கையெழுத்துப் போட்டால் மாலை ஐந்துக்குக் கப்பல் புறப்படும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் இப்படித்தான் ஒரு கப்பலுக்குப் போட்டாள். இரண்டாம் நாள் நடுக்கடலில் நூற்றுச் சொச்சம் பேருக்கு வாந்தி, பேதி. ஒரு பெரியவர் உயிரோடு கரை சேரவில்லை. அன்றைக்கும் சமையலறை கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலத்தான் இருந்தது.

"வேலக்காரங்க தங்குற ரூமெல்லாம் பாக்கணும்."

"அதுவும் இந்தக் கட்டணத்துலயே வருதா மேடம்?"

"வருது."

இரும்புப் படியில் நான்கு தளம் இறங்கினார்கள். ஜன்னல் இல்லாத குறுகலான நடை. இரண்டு பக்கமும் சாத்திய கதவுகள்.

நடையில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர். சுவரோடு சுவராக.

"இவங்கல்லாம்?"

"நைட் ஷிப்ட் மேடம்."

ராத்திரி முழுக்கப் பாத்திரம் தேய்த்தவன் பகல் பதினொன்றரைக்கு எங்கே இருப்பான்? அவள் அப்பாவும் மில்லில் நைட் ஷிப்ட் பார்த்தவர்தான். பகலில் அவர் தூங்கும்போது அம்மா மிக்சி போட மாட்டாள்.

இவர்கள் ஏன் நிற்கிறார்கள்?

கடைசிக் கதவை ஒட்டி ஒருவர். நாற்பது வயதிருக்கும். சட்டையில் தொங்கிய அட்டையில் ஸ்தனிஸ்லாஸ் என்ற பெயர். நின்றபடியே கண் சொருகியது. தலை சரிந்தது. திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"எந்த ஊருண்ணே?"

"மணப்பாடு மேடம்."

"தூங்கலியா?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. டிமெல்லோவைப் பார்த்தார்.

போதும். இதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்டாலும் இந்த மனிதரின் வேலைக்கு உலை. காட்டிக்கொடுத்தவன் என்று அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள்.

அவள் கையிலிருந்த ஆய்வு ஃபைலை மூடினாள்.

"ஒண்ணும் குறையில்ல சார். கையெழுத்துப் போட்டுடுறேன்."

குலசேகருக்கு முகமெல்லாம் பல்.

"ஒரே ஒரு விஷயம். இந்த அண்ணன் நின்னுக்கிட்டே தூங்குறாரு, பாவம். உள்ள போய்ப் படுக்கச் சொல்லுங்க. அவர் படுத்ததும் போட்டுடுறேன்."

குலசேகர் அதை ஆங்கிலத்தில் டிமெல்லோவிடம் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் இறங்கியது.

யாரும் அசையவில்லை.

"அவசரமில்ல. நிக்குறேன்."

ஏசிக் குளிரில் டிமெல்லோவுக்கு வியர்த்தது. கடைசியில் தன் பையிலிருந்து சாவியை எடுத்தார். தூங்குகிறவரின் அறைச் சாவி தூங்குகிறவரிடம் இல்லை.

கதவு திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது.

தரையில் இரண்டு தள்ளுவண்டி நிறைய எச்சில் தட்டுகள். கீழ்க்கட்டிலில் கோழிக்கறி, வெட்டிய பழம், மூடாத தயிர் வாளி. ஆய்வு முடிந்ததும் எல்லாம் மேலே ஏறியிருக்கும்.

மாட்டினார்களா! அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மேல்கட்டிலில் போர்வை அசைந்தது.

ஓர் இளைஞனின் முகம். உதடு வெடித்திருந்தது. கண் குழிக்குள் போயிருந்தது. தலைமாட்டில் ஒரு வாளி.

பூட்டிய அறைக்குள்ளே.

"எத்தனை நாளாக?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஸ்தனிஸ்லாஸ் பக்கம் திரும்பாமல், டிமெல்லோவிடம் மட்டும்.

"கடல் காத்து ஒத்துக்கல போல மேடம்," என்று குலசேகர் முந்திக்கொண்டார்.

அப்போதுதான் ஸ்தனிஸ்லாஸ் பேசினார். யாரும் கேட்காமலே.

"மூணு நாளா வாந்தி, பேதி மேடம். நேத்து ராத்திரி வரைக்கும் இவன்தான் சாலட் வெட்டுனாம். முடியலன்னு சொன்னா வீட்டுக்கு அனுப்பிருவாவன்னு பயந்து வெட்டுனாம்."

டிமெல்லோவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கையை மட்டும் நீட்டினார்.

ஸ்தனிஸ்லாஸ் அட்டையைக் கழற்றி அந்தக் கையில் வைத்தார்.

வேலைதான் போய்விட்டதே, இனி அவரிடம் கேட்கலாம்.

"அந்த சாலட் இப்ப எங்கண்ணே?"

நடையின் ஒலிபெருக்கி கிணுகிணுத்தது. இனிமையான ஒரு பெண் குரல், மதியச் சாப்பாட்டின் முதல் பந்திக்கு எல்லோரையும் அழைத்தது.

அவள் படியைப் பார்த்து ஓடினாள்.