துளையில்லாத பட்டன்

ஊசிக்குத் துளை அகப்படவில்லை.

பட்டனைத் திருப்பிப் பார்த்தாள். அந்தப் பக்கமும் இல்லை. கண்தான் மங்கிவிட்டதென்று சன்னலருகே கொண்டுபோனாள்.

வெள்ளையாக, வட்டமாக, சட்டைப் பட்டன் அளவில் இருந்தது. விரலில் மாவு ஒட்டியது.

மாத்திரை.

மடியில் கணவருடைய சட்டை கிடந்தது. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டியது. ஆள் பாதியாகிவிட்டதால் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்திருந்தாள். கழுத்துப் பட்டன்தான் பாக்கி. அவர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, தலைமாட்டிலிருந்த பட்டன் டப்பாவை எடுத்து வந்திருந்தாள். முப்பது வருடம் கட்டிங் மாஸ்டராக இருந்தவர் வீட்டில் பட்டனுக்கா பஞ்சம்.

டப்பாவைத் தரையில் கவிழ்த்தாள்.

நீலம், பழுப்பு, கறுப்பு. நடுநடுவே துளையில்லாதவை. பொறுக்கப் பொறுக்க வந்துகொண்டே இருந்தன.

முப்பத்தெட்டு.

பாதிக்கு மேல் ஓரம் கரைந்து மறுபடி காய்ந்தவை. வாயில் போட்டு, தண்ணீரும் குடித்து, அவள் வெளியே போகும்வரை கன்னத்தில் அதக்கி வைத்திருந்திருக்கிறார்.

டப்பாவின் அடியில் இஞ்ச் டேப் சுருண்டு கிடந்தது. அதில் இருபதாவது இஞ்சைச் சுற்றி வரிசையாகப் பல் பதிந்திருந்தது.

அவள் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால்தான் இந்த வலி மாத்திரையை எழுதினார்கள். புற்றுநோய் முதுகெலும்புக்கு வந்துவிட்டிருந்தது. குடிப்பழக்கம் உண்டா என்று டாக்டர் கேட்டார். அவர் வாயைத் திறக்குமுன் இவள் சொன்னாள், இருந்ததென்று, விட்டுப் பதினாறு வருடம் ஆகிறதென்று. டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார். கொஞ்சம் கவனமாகப் பார்த்துக்கொள்ளலாம், பயப்பட வேண்டாம் என்றார். சொன்ன நேரம், சொன்ன அளவு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

டாக்டர் அவ்வளவுதான் சொன்னார். மீதியை இவள்தான் சொன்னாள், திரும்பி வரும் பஸ்ஸில்.

"பாத்துங்க. மறுபடியும் இதுக்கு அடிமையாயிராதீங்க. இன்னொருக்கா அந்தப் பாட்டைப் பட என்னால முடியாதுங்க."

அவர் ஊர் வரும்வரை வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம்.

தரையில் கிடந்த பட்டன்களை அள்ளிப் போட்டாள். மாத்திரைகளைத் தனியாகத் தாளில் மடித்தாள். எண்ணிக்கை இப்போதுதான் புரிந்தது. காலையும் மதியமும் துப்பியிருக்கிறார். இரவு மாத்திரையை மட்டும் விழுங்கியிருக்கிறார். இரவில் முனகினால் இவள் விழித்துக்கொள்வாளே.

மதியம் மாத்திரை கொடுத்ததும் கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொல்வார். தூங்குகிறார் என்று நம்பி இவள் மிக்ஸிகூடப் போட மாட்டாள். அக்கம்பக்கத்தில் குழந்தைகள் கத்தினால் போய் அதட்டிவிட்டு வருவாள். மருந்து நல்லாக் கேட்குது என்று தங்கச்சியிடம் போனில் பெருமை வேறு.

போன வாரம் ஒருநாள், சாதாரண காய்ச்சல் மாத்திரை ஒன்று இருக்கிறதா என்று கேட்டார். உடம்பு வலியாக இருக்கிறதாம். இவள் தரவில்லை. அந்த வலி மாத்திரையிலேயே இதுவும் கலந்திருக்கிறது, மேலே ஒன்று போட்டால் ஈரல் கெட்டுவிடும் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதையே அவரிடம் சொன்னாள். காய்ச்சல் மாத்திரையைப் பத்திரமாக மேல்தட்டில் ஏற்றியும் வைத்தாள்.

அவர் சரியென்று தலையாட்டினார்.

அந்தத் தலையாட்டலை நினைத்ததும்தான் அழுகை வந்தது. முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள்.

போனில் இரண்டு மணி அலாரம் அடித்தது.

புதுப் பட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்தாள். தாள் பொட்டலம் இன்னொரு கையில் இருந்தது. நர்ஸ் எழுதிக் கொடுத்த சீட்டு அலமாரியில் ஒட்டியிருந்தது. தினமும் பார்க்கிற சீட்டுதான். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக்கூடாது.

முப்பத்தெட்டு வேளை தவறினாலும் ஒன்றுதான்.

பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

அவர் விழித்திருந்தார். டப்பாவைத் தலைமாட்டில் வைத்தாள். அவர் டப்பாவைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். அவள் அழுத முகத்தைத் துடைக்கவில்லை.

மாத்திரையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். தண்ணீர் குடித்தார்.

"கதவச் சாத்திட்டுப் போ," என்றார், ஒரு கன்னத்தால்.

சாத்தினாள். உள்ளேயிருந்து.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நோட்டை எடுத்தாள். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று தினமும் கேட்டு எழுதச் சொல்லியிருந்தார்கள். இருபது நாளும் இரண்டு, இரண்டு என்றே எழுதியிருந்தாள். நல்ல கையெழுத்தில்.

"நாந்தான் தப்பாச் சொல்லிப்புட்டனுங்க," என்றாள்.

அவர் கை போர்வையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதன்மேல் தன் கையை வைத்தாள்.

தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

"ஒம்பது," என்றார்.