பின்னால் நீண்டிருந்த கை

சாரங்கா கடித்தாள். பல் ஆழமாக இறங்கியது.

கிர்ஸ்டன் கத்தவில்லை. மணிக்கட்டில் இரத்தம் பொட்டுப் பொட்டாகக் கசிந்தது. பிள்ளை அதைக் கண்டு பயந்துவிடக் கூடாது என்று சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டாள்.

கிர்ஸ்டன் செய்தது ஒன்றுதான். சாரங்காவின் இடது கையை மெல்ல முன்னுக்குக் கொண்டுவரப் பார்த்தாள்.

டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரப் பாலர் பாடசாலையின் விளையாட்டு அறை அது. கோடை முடிந்து பள்ளிக்கூடம் போகவேண்டிய பிள்ளைகள் வயதுக்கேற்ப ஓடுகிறார்களா, துள்ளுகிறார்களா, பந்து பிடிக்கிறார்களா என்று பார்க்க நகரசபை கிர்ஸ்டனை அனுப்பியிருந்தது. தேறாத பிள்ளைக்கு மற்றப் பிள்ளைகளோடு வகுப்பில்லை. வேறு ஊரில் விசேட வகுப்பு.

சாரங்கா ஒரு பந்தையும் பிடிக்கவில்லை. வலது கை மட்டும் எழுந்தது. இடது கை முதுகுக்குப் பின்னால் நீண்டபடி, விரல்களை இறுகப் பொத்திக்கொண்டு நின்றது.

தகப்பன் கோணேசன் துணி ஆலையில் லீவு சொல்லிவிட்டு மொழிபெயர்க்க வந்திருந்தான். இடது கையால் எதையும் வாங்குவது எங்களிடம் மரியாதையில்லை, தாய் நன்றாக வளர்த்திருக்கிறாள் என்று டேனிஷ் மொழியில் விளக்கினான். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

பிறகு மகளிடம் குனிந்தான்.

"இஞ்சை ரெண்டு கையாலயும் பிடிக்கலாம் அம்மாச்சி. ஒருத்தரும் ஏசமாட்டினம்."

"ஏலாது அப்பா."

தாய் பவளராணி சுவரோரம் தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

ஊர்ச் சண்டைக்குத் தப்பி வந்த கோணேசன், குடும்பத்தைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பம் கோப்பன்ஹேகனில் வருடக்கணக்காக அசையாமல் கிடந்தது. அனுமதி வந்தபோது இருவர்தான் வந்து இறங்கினார்கள். அவன் புறப்பட்ட பிறகு பிறந்த மகன் வரவில்லை. காய்ச்சலில் செத்துப்போனான் என்று பவளராணி கொழும்பிலிருந்து தொலைபேசியில் சொல்லியிருந்தாள். கோணேசன் முகம் பார்க்காத பிள்ளை.

கடைசியாக ஓட்டம். சுவரில் ஒட்டியிருந்த சிவப்பு நாடாவரை ஓடினால் போதும்.

சாரங்கா அசையவில்லை.

அந்தப் பாடசாலையின் மூன்று வயதுக் குழந்தை மெட்டா அதுவரை ஒரு மூலையில் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து, பின்னால் நீண்டிருந்த அந்தக் கையைப் பார்த்தாள். யாருக்காகவோ காத்திருக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ, தன் கையை அதன்மேல் வைத்தாள்.

பொத்திய விரல்கள் திறந்தன. உடனே இறுகின.

சாரங்கா ஓடினாள். முதுகை வளைத்து, தலையைத் தாழ்த்தி, சுவரோரமாக, மெட்டாவை இழுத்துக்கொண்டு அப்படி ஓடினாள். அந்த அறையில் எந்தப் பிள்ளையும் அந்த வேகத்தில் ஓடியதில்லை.

கிர்ஸ்டனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பலமாகக் கை தட்டினாள்.

வெறும் சுவர்களில் அந்தச் சத்தம் வெடித்தது.

சாரங்கா மெட்டாவைத் தரையில் தள்ளினாள். மேலே விழுந்து படுத்தாள். குழந்தையின் வாயைப் பொத்தி, தன் முழங்கால்களால் அவளை நெரித்து, முதுகைக் கூரையாக வளைத்து மூடினாள். மெட்டாவின் உதடு கிழிந்து இரத்தம் தரைப் பலகையில் பரவியது. கிர்ஸ்டனும் கோணேசனும் இழுத்தும் அவளைப் பிரிக்க முடியவில்லை.

இரத்தத்தைக் கண்டதும் அவளே எழுந்தாள். தன் சட்டை விளிம்பால் அந்த உதட்டை ஒற்றினாள்.

"அழாதை தம்பி. இந்தமுறை அக்கா கையை விடேல்லை."

என்ன சொல்கிறாள் என்று கிர்ஸ்டன் கேட்டாள்.

கோணேசன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். பவளராணி தலை நிமிரவில்லை.

உதடு வீங்க அழுதுகொண்டிருந்த மெட்டா, சாரங்காவின் இடது கையை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள்.