ஒரு மணி பத்து நிமிட தூரம்

மீன் ஊறுகாய் பாட்டிலை விமான நிலையச் சோதனைக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வினிகரும் திரவம்தான் என்று சொல்லிக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

கறுப்பு ரொட்டி மட்டும் தப்பியது.

இங்கலீசா வாதாடவில்லை. வாதாடினால், மகனோடு இருக்கக் கிடைத்த நாற்பது நிமிடத்தில் ஐந்து அதற்கே போய்விடும். தன் ஊரான ஸ்ட்ரூயரிலிருந்து கோபன்ஹேகனுக்கு நாலரை மணி நேரம் ரயிலில் உட்கார்ந்து வந்த முதுகு வேறு கெஞ்சியது.

உள்ளே மகன் டோர்கில் இருந்தான். ஆஸ்லோவிலிருந்து வந்து இறங்கி, லிஸ்பன் விமானத்துக்குக் காத்திருந்தான். அங்கே ‘ஐரோப்பா ஒரே கிராமம்’ என்று பேசப்போகிறான். மாதம் மூன்று ஊர், அதே பேச்சு.

போனில் தாயிடம் சொல்வதும் ஒன்றுதான். ஆஸ்லோ என்ன சந்திரனிலா இருக்கிறது, ஒரு மணி பத்து நிமிடம், நினைத்தால் வந்து நிற்பேன்.

நினைக்கத்தான் நாலு வருடமாக நேரம் கிடைக்கவில்லை.

இந்த விமான நிலையத்தில் அவன் இறங்கி ஏறாத மாதமில்லை. வெளியே வந்துவிட்டு மறுபடி சோதனைக்கு நிற்க நேரம் போதாதாம்.

ஒரு கையால் அணைத்தான். மறு கையில் போன். அம்மா போலந்திலுள்ள கதான்ஸ்குக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அறுபத்தெட்டு வயதில் அவளும் கிராமத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டாளே.

“பாத்தியாம்மா, நான் சொல்லலை? ஒரு மணி அஞ்சு நிமிஷம். நேர்க்கோட்டுல நானூத்தம்பது கிலோமீட்டர்கூட வராது.”

பெட்டி இல்லாமல் வெறும் கைப்பையோடு கிளம்பியதையும் மெச்சினான். தேர்ந்த பயணிக்கு அதுதான் லட்சணமாம்.

அவன் ரொட்டியை வெறுமனே மென்றபடி, லிஸ்பனில் சொல்லப்போகும் நகைச்சுவைகளை ஒத்திகை பார்த்தான். அவள் அவன் காதோரத்து நரையைப் பார்த்துக்கொண்டே, சிரிக்க வேண்டிய இடங்களில் சிரித்தாள்.

அடுத்து மார்ச் பதினாலாம் தேதி ப்ராக் போகும்போதும் இதே வழிதான் என்றான்.

பக்கத்து வாசலில் கதான்ஸ்க் விமானத்துக்கு அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். சற்றுப் பொறுத்து மறுபடியும் கூப்பிட்டார்கள்.

“உன்னைத்தாம்மா. கிளம்பு, விட்டுட்டுப் போயிடுவான்.”

“நீ முதல்ல போ.”

நாற்பதாவது நிமிடம் போனான். கையை உயர்த்தினான், அதற்குள் யாரோ போனில் வந்துவிட்டார்கள்.

இங்கலீசா முட்டியைப் பிடித்தபடி எழுந்து வாசல் மேசைக்குப் போனாள். அங்கிருந்த பெண், இப்போது ஓடினாலும் ஏறிவிடலாம் என்று அவசரப்படுத்தினாள்.

இங்கலீசா ஓடவில்லை. மார்ச் பதினாலாம் தேதி இங்கிருந்து எந்த ஊருக்கு டிக்கெட் மலிவாகக் கிடைக்கும் என்று கேட்டாள்.

பெண்ணுக்கு விளங்கவில்லை. “உங்களுக்கு எங்க போகணும்?”

“எங்கயும் வேண்டாம்மா. உள்ள வந்தாப் போதும்.”