கெட்டிமேளத்துக்கு முன்னால்

தாலித் தட்டு விருந்தாளிகளைச் சுற்றிப் போயிருந்தபோது பஞ்சாட்சரத்தின் போன் அடித்தது. அது அவர் மனைவி தமிழ்செல்வியின் கைப்பையில் இருந்தது.

சென்னை ஆஸ்பத்திரி நம்பர்.

எடுக்காமல் விட மனசு வரவில்லை. திருத்தணி மலைமேல் அன்று ஏகப்பட்ட கல்யாணம். பக்கத்து ஜோடியின் நாயனம் காதைப் பிளந்தது. தூண் ஓரமாக ஒதுங்கி இன்னொரு காதைப் பொத்திக்கொண்டாள். ஒரு நிமிஷம் லைனில் இருக்கச் சொன்னார்கள்.

மணையில் மகள் யுவஸ்ரீ. காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கிற பெண். பக்கத்தில் அத்தை மகன் சூர்யபிரகாஷ். சந்தனம் பூசியும் சாராய நாற்றம் அடங்கவில்லை. கல்யாணத்தன்றுகூடச் சும்மா இருக்க முடியாதா, கடங்காரன்!

எல்லாம் பஞ்சாட்சரத்தின் தலைக்குள் இருந்த ஒன்றால் வந்தது. போன வருஷம் மூளையில் கட்டி எடுத்து, கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள். இந்த வருஷ ஸ்கேனில் அதே இடத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கட்டி திரும்ப வளர்ந்தாலும் அப்படித்தான் தெரியுமாம், கரண்ட் சுட்ட புண்ணானாலும் அப்படித்தானாம். இரத்த ஓட்டம் பார்க்கிற புது மாதிரி எம்.ஆர்.ஐ. எடுத்தால் பிரித்துச் சொல்லலாம் என்றார் டாக்டர். வளர்கிற கட்டி இரத்தத்தை இழுக்கும், புண் இழுக்காது.

பெண்ணை உன் பையனுக்கே தருகிறேன் என்று அக்காவுக்குக் கொடுத்த வாக்கைக் கண்ணை மூடுவதற்குள் காப்பாற்ற வேண்டும் என்று பஞ்சாட்சரம் ஒற்றைக் காலில் நின்றார்.

“புண்ணுன்னா நான் காலேஜுக்குப் போறேன். கட்டின்னு சொன்னாங்கன்னா உனக்காக அந்தக் குடிகாரனோட வாழ்றேன் நைனா,” என்றாள் யுவஸ்ரீ.

ரிசல்ட் வாங்க அவர் தனியாகத்தான் போனார். அரக்கோணத்தில் வண்டி மாறி வீட்டுக்கு வந்தவர் வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். கட்டிதான் என்றார். அம்மாவும் பெண்ணும் ஆளுக்கொரு தோளில் சாய்ந்து அழுதார்கள்.

நர்ஸ் லைனில் வந்தாள். “ஏம்மா, சாரு ஊசிக்கே வரல? கட்டி இல்லம்மா, வெறும் புண்ணுதான். ஊசி போட்டா சரியாப் பூடும்.”

ஐயோ முருகா! தமிழ்செல்விக்குக் கால் தரையில் நிற்கவில்லை. என் மனுஷன் பிழைத்தார், என் பெண்ணும் பிழைத்தாள். எப்போது தெரிந்தது என்று கேட்டாள்.

“அன்னைக்கே சாராண்ட சொன்னமேம்மா. நல்லாக் கேட்டுகினுதானே போனாரு.”

நிமிர்ந்தாள். பஞ்சாட்சரம் அவள் காதிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். தாலி மாப்பிள்ளை கைக்கு வந்திருந்தது.

அவர் மேளக்காரர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

தாலி ஏறும் நேரத்தில் அமங்கலமாக ஒரு சொல்கூடக் காதில் விழக்கூடாது. கெட்டிமேளம் அதற்குத்தான்.

“வேணாம்டி யுவா! எழுந்து வாடி!” அடிவயிற்றிலிருந்து கத்தினாள் தமிழ்செல்வி. பக்கத்தில் நின்ற நாத்தனாருக்கே கேட்கவில்லை.

யுவஸ்ரீ அம்மாவின் வாய் அசைவதைப் பார்த்தாள். வாழ்த்துகிறாள் என்று நினைத்தாள். அம்மாவுக்காகக் கொஞ்சம் சிரித்துவிட்டுக் கழுத்தை நீட்டினாள்.