பூட்டுவதற்குள் ஒரு டீ

சட்டசபையில் அன்று நம்பிக்கை ஓட்டெடுப்பு. எதிர்க்கட்சிக்கு ஒரே ஒரு ஓட்டு அதிகம். அவர்களில் ஒருத்தரை வெளியே நிறுத்திவிட்டால் சமம். சமமென்றால் சபாநாயகர் ஓட்டு ஆளுங்கட்சிக்கு.

தாமதமாக வந்த அமைச்சர், கேன்டீனில் தனியாக இருந்த எதிர்க்கட்சி உறுப்பினரைக் கண்டதும் முகமெல்லாம் பல்லானார்.

"அண்ணே, உங்ககூட டீ குடிச்சு எத்தனை நாளாச்சு!"

"உக்காருங்க தம்பி. என் முட்டிவலியைக் கேக்க ஒரு நாதியில்ல."

மூன்று டீ முடிந்தது. முட்டிக்கதை முடியவில்லை. சபை மணி அடித்தது. மணி நின்றதும் கதவைப் பூட்டிவிடுவார்கள். இந்த முட்டி ஓடாது என்ற தைரியத்தில் அமைச்சர் துள்ளி எழுந்தார்.

முட்டிவலிக்காரர் அவர் கையை உடும்பாகப் பிடித்தார். "ஐயோ தம்பி, பிடிச்சுக்கிச்சு! தூக்கி விடுங்க!"

உதறிவிட்டு ஓடி வருவதற்குள் பூட்டு விழுந்தது. சற்று நேரத்தில் உள்ளே எதிர்க்கட்சியின் ஆரவாரம். ஒரு ஓட்டில் அரசு அவுட்!

முட்டிவலிக்காரர் நொண்டாமல் நடந்து வந்தார்.

"உன் ஓட்டும்தானேய்யா போச்சு!" அமைச்சர் அலறினார்.

"எனக்கேது ஓட்டு? கூச்சல் போட்டேன்னு காலையிலயே உங்க சபாநாயகர் என்னை சஸ்பெண்ட் பண்ணிட்டாரே. நீங்க நேரா உள்ள போயிருந்தாலே ஜெயிச்சிருப்பீங்க, தம்பி."