சுத்தமான பாத்தி

"கெரெகெரே, அக்கா, ஒரு கட்டு சேப்ப இலை குடுங்க. புள்ளைக்குத்தான்" என்று கேட்டாள் வசிதி.

அவள் இடுப்பில் இருந்த குழந்தை செரியானாவைப் பார்த்துச் சிரித்தது. கீழே இரண்டு பல் முளைத்திருந்தது.

சுவா நகரத்தில் ஒருவர் கெரெகெரே என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. அதிலும் கேட்பவள் பக்கத்து வீட்டுக்காரி. சொன்னால் தெருவே காறித் துப்பும்.

"இன்னைக்கு இல்ல" என்றாள் செரியானா.

அவள் முதுகுக்குப் பின்னால், சாலைக்கும் சாக்கடைக்கும் நடுவே, சேப்பஞ்செடிகள் இடுப்பு உயரத்துக்குத் தளதளவென்று நின்றன. பேருந்து ஒன்று அவற்றின் மேல் புகையைக் கக்கிவிட்டுப் போனது.

வசிதி செடிகளைப் பார்த்தாள். பிறகு செரியானாவைப் பார்த்தாள்.

"பலகை வச்சதுலேருந்து அக்காவுக்குக் கை சுருங்கிப்போச்சு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனாலும் சுருக்கென்று தைத்தது.

போன மழைக்காலம் வரை வசிதிக்கும் இதே சாலையோரத்தில் ஒரு பாத்தி இருந்தது. மண்ணில் ஈய நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்க வந்தவர்கள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்து, அவரவர் பாத்தி மண்ணை அள்ளி வைக்கச் சொன்னார்கள். காலங்காலமாக வண்டிப் புகை குடித்த மண். ஒன்றைத் தவிர எல்லார் பையிலும் ஈயம் இருந்தது. நகரசபை ஆட்கள் வந்து ஒவ்வொரு பாத்தியாகப் பிடுங்கி எறிந்தார்கள். வசிதி சாலையோரத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.

செரியானாவின் பாத்தி மட்டும் தப்பியது. இங்கே விளைவது சாப்பிட உகந்தது என்று பச்சைப் பலகை ஒன்றையும் நட்டுவிட்டுப் போனார்கள்.

அவள் பையில் இருந்தது இந்த மண்ணே இல்லை. மலைப்பக்கம் அண்ணன் ஊர் ஆற்றங்கரையில் அள்ளி வந்த மண்.

பாத்தி போனால் அடுப்பு எரியாது. அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. புருஷன் அபிசாயிடம்கூட மூச்சு விடவில்லை.

அன்றிலிருந்து அந்த இலையில் ஒரு துணுக்குகூட அவள் வீட்டு அடுப்பேறியதில்லை. பேருந்திலிருந்து இறங்குகிற முன்பின் தெரியாதவர்களுக்குத்தான் விற்றாள், முகத்தைப் பார்க்காமல்.

ஆனால் இந்தக் குழந்தையை முதன்முதலில் குளிப்பாட்டியவளே அவள்தான். இதற்கு மட்டும் கொடுக்க முடியாது. கஞ்சப் பிசினாறி என்று பேர் வந்தால் வரட்டும்.

"இல்லேன்னா இல்ல வசிதி. மார்க்கெட்ல போய் வாங்கிக்கோ."

வசிதியின் முகம் வாடிவிட்டது. குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்க அக்கா. பலகை வச்ச நாள்லேருந்து அபிசாய் அண்ணன்தான் விடிகாலையில வேலைக்குப் போறப்ப ஒரு கட்டு அறுத்து எங்க வாசல்ல வச்சிட்டுப் போவாரு. தேங்காப்பால் ஊத்தி மசிச்சுக் குடுத்துக் குடுத்து, இவ இப்ப வேற எதையும் வாயிலயே வாங்க மாட்டேங்குறா. இன்னைக்கு மறந்துட்டாரு போல, அதான் வந்தேன்."