பெட்ரோல் டேங்க் மூடி

உலகத்து நிறங்கள் அத்தனையும் பெயின்டர் ஜெபமணியின் கண்ணுக்கு வணக்கம் வைத்துவிட்டுத்தான் காரில் ஏறும். எதிர்ப்பட்டறை மூக்கையாவோ, காரின் பெட்ரோல் டேங்க் மூடியைக் கழற்றி வெயிலில் வைத்து, பழைய நிறத்துக்கு ஒப்பிட்டுத்தான் புதிதைக் கலப்பார். "மூடிகிட்ட வழி கேக்குதவனெல்லாம் பெயின்டராலே?" என்று சாலைக்கு அந்தப் பக்கம் கேட்கும்படியே சொல்வார் ஜெபமணி.

ஜெபமணி ஒரு கதவுக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்து நிறுத்தியிருந்த தன் காரை வக்கீல் சுகந்தி ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "கதவு மட்டும் வேற வண்டியோடதா?"

"கதவு சரியாத்தான் இருக்கு, வக்கீலம்மா. ஒங்க வண்டிதான் வெளுத்துட்டு."

"அப்படியா. மூக்கையாவக் கூட்டிட்டு வாரேன். பொருந்தலன்னு அவர் சொன்னா வண்டி அங்க போயிரும்."

அவள் சாலையைக் கடக்க நின்றாள். ஜெபமணி டேங்க் மூடியைக் கழற்றிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, பட்டறையின் பின்பக்கம் வெயில் விழும் இடத்துக்கு நடந்தார்.